ஸ்பிரிங் சித்தி ஒரே வரி வாசிக்க மாட்டாள்

"நான் சொல்லிக் குடுத்த அந்த ஒரு வரியை மட்டும் வாசி. ஞாயித்துக்கிழமை விழா முடியற வரைக்கும் பேஸ்ல வேற எதையும் தொடாதே. முடியாதுன்னா படி இறங்கிப் போய் சோபா தைச்சுக்கோ."

பிரேக் மாஸ்டர் இதைச் சொல்லும்போது பியானோவை விட்டு எழுந்திருக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டான்ஸ் ஹாலில் ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாகச் சுவரோரம் ஒதுங்கியிருந்தார்கள். ஒருத்தி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன்பு கப்பல் பாட்டுக்கு ஆடும்போது அவள் ஜோடியின் ஷூ இடித்த இடம் அது.

என் சித்தி பேஸ் கிட்டாரின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"சோபாவும் தைப்பேன் மாஸ்டர். ஆனா எல்லா சோபாவுக்கும் ஒரே தையல் போடமாட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். வினை அதில்தான் வந்தது. மாஸ்டர் முன்னால் யார் வேண்டுமானாலும் கோபப்படலாம். சிரித்தால் மட்டும் தாங்கமாட்டார்.

இந்தச் சித்தியைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. வருகிறவர்கள் கண்ணில் முதலில் படவேண்டும் என்று வாசற்கதவுக்கு நேர் எதிரே அப்பா ஆணி அடித்து அந்தச் சான்றிதழை மாட்டியிருக்கிறார். அதே குடும்பத்தில் முதன்முதலில் பேஸ் வாசித்தவள் அம்மாவின் தங்கையான இந்தச் சித்தி. அதற்கு யாரும் ஆணி அடிக்கவில்லை. நான் அடிக்கிறேன்.

சித்திக்கு சோபா ரிப்பேர் கடை. கிழிந்த துணியை உரித்து, அமுங்கிப்போன ஸ்பிரிங்கை எடுத்து, புது வாரை இழுத்துக் கட்டி, பஞ்சு வைத்துத் தைப்பாள். வாரை இழுத்து இழுத்து அவள் விரல்நுனிகள் காய்த்துப்போயிருந்தன. பேஸின் தடித்த கம்பி அந்த விரல்களை ஒன்றும் செய்யவில்லை, கம்பிதான் பாவம். தெருவில் எல்லோருக்கும் அவள் ஸ்பிரிங் அக்கா. அழுத்தினால் அழுந்துவாள், கையை எடுத்த அடுத்த நொடி பழைய உயரத்துக்கு வந்துவிடுவாள் என்பது சித்தப்பா கொடுத்த விளக்கம். சித்தப்பாவுக்குப் பக்கத்திலேயே முடிவெட்டும் கடை. ஊரிலிருந்து வேலைக்கு வந்த நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன்.

சோபாக் கடைக்கு நேர் மேலே டான்ஸ் ஹால். இரண்டுக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தரை. மேலே தரை, கீழே அதுவே கூரை. சால்சா வகுப்பு நடக்கும் நாட்களில் பாடகர் என்ன பாடுகிறார், பியானோ என்ன செய்கிறது என்பதெல்லாம் கீழே கேட்காது. பலகை அவற்றைத் தடுத்துவிடும். இறங்கி வருவது பேஸும், ஆடுகிறவர்களின் கால்களும், கொஞ்சம் தூசியும்தான். தூசி பஞ்சின்மேல் விழும். சித்தி அதைத் தட்டிவிட்டுக்கொண்டே தைப்பாள்.

வருடக்கணக்கில் இப்படித் தைத்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. மேலே ரெக்கார்டு போட்டால் பேஸ் ஓரிடத்தில் நிற்காமல் நடமாடும். கால்களும் அதற்கேற்றபடி ஒரு நேரம் வழுக்கும், ஒரு நேரம் அழுத்தி ஊன்றும். மாஸ்டரின் பேண்ட் வாசிக்கும்போது பேஸ் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இடிக்கும். கால்கள் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப்போலத் தரையை மாற்றி மாற்றி மிதிக்கும்.

"பாவம்டா, மேல ஆடறாங்களா, எறும்பை மிதிக்கறாங்களான்னே தெரியலை" என்பாள்.

ஒருநாள் பேண்டின் பேஸ்காரர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். பேண்டுக்குச் சொந்தமான பேஸை, ஜிப் போன உறையோடு, மாஸ்டர் சித்தியின் கடையில் கொண்டுவந்து வைத்தார். ஜிப் மாற்ற உறை போதும். பேஸ் உள்ளேயே இருந்தது. அதை வெளியே எடுக்காமல் ஜிப் தைக்க முடியாது என்பது உண்மை. எடுத்ததைத் திரும்ப வைக்காததற்குத்தான் காரணம் கிடையாது.

"ஜிப் ஆச்சாம்மா?"

"இன்னும் வரலை மாஸ்டர். இந்த நீளம் கிடைக்கறதில்லே."

அடுத்த வாரமும் ஜிப் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மேலே பேஸ் இல்லாமல் ஒத்திகை நடக்க, கீழே சித்தி கூரையைப் பார்த்தபடி உரித்த சோபாவில் உட்கார்ந்து கால்களோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மாஸ்டர் பொறுமை இழந்து பேஸைத் தூக்க வந்தபோது, "வாசிக்க ஆளில்லாம இதைத் தூக்கிட்டுப் போய் என்ன பண்ணுவீங்க? உக்காருங்க, கேளுங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். கேட்டார். வேறு ஆளும் கிடைக்கவில்லை. சித்தி மேலே ஏறினாள். கூடவே, பேண்டில் ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துப் போனாள்.

ஊரிலிருந்து அம்மா போனில் வந்தாள்.

"என்னடா, உங்க சித்தி டான்ஸுக்கு கிட்டார் அடிக்கறாளாமே? வீட்ல சமையல் யாரு?"

"சித்தப்பாம்மா."

"அவருக்கு உப்பு போடத் தெரியுமா?"

"தெரியுது. ரெண்டு தடவை போடறார்."

"நீ என்ன பண்றே அங்கே?"

"நான் கட்டை தட்டறேன்."

எங்கள் ஊரில் கட்டை என்றால் அடுப்புக்குத்தான். அம்மா, "இதுக்கா உன்னைப் படிக்க வச்சோம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தக் கட்டைகளுக்குக் கிளாவே என்று பெயர். சாண் நீளத்தில் இரண்டு. ஒன்றைக் குழித்த உள்ளங்கையில் படுக்கவைத்து மற்றதால் தட்டவேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால் அது ஒரு சுற்று. கட்டைக்கு இரண்டு சுற்று வேண்டும். ஒரு சுற்றில் மூன்று தட்டு, அடுத்ததில் இரண்டு. மூன்று தட்டு வரும் சுற்று, அதாவது மூன்றின் பக்கம், எண்ணிக்கையிலிருந்து நழுவி, படிகளில் தாவி இறங்குவதுபோல விழும். இரண்டின் பக்கம் எண்ணிக்கையின் மேலேயே, யாரோ வாசலில் நின்று கதவைத் தட்டுவதுபோல நேராக விழும். பாட்டு ஆரம்பித்துவிட்டால் முடிகிறவரை இது இப்படியே போகவேண்டும். பாட்டு எங்கே போனாலும் பக்கம் புரளக்கூடாது. ஆடுகிறவர்கள் கட்டைச் சத்தத்தைக் கவனிப்பதேயில்லை; ஆனால் அத்தனை வாத்தியமும் அதன்மேல்தான் நிற்கிறது.

மாஸ்டர் சித்திக்குக் கொடுத்த வரி இதுதான்: எண்ணிக்கையில் ஒன்றில் அடிக்காதே. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு சுரம், நாலில் ஒரு சுரம். நாலில் விழுவது அடுத்த சுற்றுக்கு உரிய சுரம். அழைத்த நேரத்துக்கு முன்பே வந்து நாற்காலி பிடித்துவிடும் விருந்தாளி மாதிரி. நல்ல வரி. அதற்கு எத்தனையோ பேர் ஆடியிருக்கிறார்கள். மூன்றின் பக்கத்தில் அந்த இரண்டு சுரமும் என் கட்டையோடு ஒட்டி விழும். இரண்டின் பக்கத்தில் முதல் சுரம் என் இரண்டு தட்டுகளுக்கும் நட்டநடுவே விழும். ஆனால் வரிக்கு அது தெரியாது. எந்தப் பக்கம் வந்தாலும் அது ஒரே முகத்தோடுதான் வரும்.

சித்தி கொஞ்ச நாள் அப்படியே வாசித்தாள். பிறகு ஒரு மாலை, இரண்டின் பக்கம் வந்தபோது, என் இரண்டு தட்டுகளின் மேலேயே இரண்டு சுரங்களை வைத்தாள். நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கால்களை.

அதன்பின் அவளை நிறுத்த முடியவில்லை. ஒரு பாட்டில், நாலில் விழுந்த சுரத்தை இரண்டின் பக்கம் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு வேறொன்றும் வாசிக்காமல் விடுவாள். ஹாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடும். இன்னொன்றில் இரண்டின் பக்கத்தில் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று படி ஏறுவதுபோல நேராக ஏறி, மூன்றின் பக்கம் வந்ததும் மறுபடி நழுவலுக்குள் குதிப்பாள். சில நேரம் ஒரே சுரத்தைக் கீழேயும் மேலேயுமாகத் தட்டுவாள். என்ன செய்தாலும் நேர்நடை இரண்டின் பக்கத்தில். நழுவல் மூன்றின் பக்கத்தில். அதை மட்டும் மாற்றமாட்டாள். மாஸ்டரின் பழைய வரியும் இடையிடையே வந்துபோகும்.

ஆட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன மாறியது என்றே தெரியாது. "இன்னிக்கு ஏசி போட்டிருக்காங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஹாலில் ஏசியே கிடையாது.

மாஸ்டருக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் பகலில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து சீட்டில் தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்த காரில் வாழ்க்கையை ஓட்டியவர்; பெயர் அப்படி வந்ததுதான். அவரை வில்லன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பு அவர் நடத்திய ஒரு பேண்டில் பேஸ்காரர் தன் இஷ்டத்துக்கு அலைந்து, ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, பேண்டே கலைந்திருந்தது. சுட்டுக்கொண்ட கை அது. ஒரே வரி என்றால் யாரும் விழமாட்டார்கள் என்று நம்பினார்.

அப்போதுதான் டான்ஸ் ஸ்கூலின் ஆண்டுவிழா நெருங்கியது. கப்பல் பாட்டுக்கு ஜோடிகள் ஹாலின் நாலு மூலையிலிருந்தும் நடந்து வந்து, நடுவில் கைகோத்து, பாட்டு ஆரம்பித்ததும் ஆடவேண்டும். முன்னிசை நீளமாக இருக்கிறது, நடுவில் வந்து சும்மா நிற்கிறார்கள் என்று டான்ஸ் டீச்சர் சொன்னார். மாஸ்டர் முன்னிசையில் ஒரு சுற்றை வெட்டினார். அன்றைக்கு ஒத்திகையில் முன்னிசை முடிந்து, பிளம்பர் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தார். எங்கள் பாடகருக்குப் பிளம்பர் வேலை. சித்தி எப்போதும்போல வாசித்தாள். நாலாவது அடியிலேயே ஒரு ஜோடி இடித்துக்கொண்டது. பின்னாலேயே இன்னொன்று. முழங்காலில் ஷூ.

மாஸ்டர் பாட்டை நிறுத்தினார். சித்தியைச் சும்மா நிற்கச் சொல்லிவிட்டு, பியானோவில் தன் இடது கையால் அந்த ஒரே வரியை வாசித்துக் கப்பல் பாட்டை முதலிலிருந்து ஓட்டினார். யாரும் இடறவில்லை.

"பாத்தியா? பாட்டுல தப்பில்லே. உன் கையிலதான் தப்பு" என்றார். அதன் பிறகு சொன்னதுதான் ஆரம்பத்தில் நான் எழுதியது.

எதிரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பேசும்போது பதில் சொல்வது கஷ்டம். சித்தி சோபா பதிலைச் சொல்லிவிட்டாளே தவிர, படி இறங்கும்போது முகம் சரியில்லை. பேஸையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் வழக்கம்போல அவள் கடையிலேயே வைத்தோம். மேலே பூட்டு கிடையாது.

"டேய், உன் கட்டை மாறிச்சா?"

"இல்லே சித்தி. கையில என்னமோ உறுத்திச்சு, ஆனா நான் மாத்தலை."

"நானும் மாத்தலை. அப்போ எது மாறிச்சு?"

மறுநாள் காலை அது தெரிந்தது. சித்தப்பாவின் கடையில் கூட்டமில்லை. ஒரே ஒரு பெரியவர் முகத்தில் நுரையோடு கண்ணை மூடிக் கிடந்தார். சித்தி பேஸை மடியில் வைத்துக்கொண்டு கப்பல் பாட்டை முணுமுணுத்தாள். நான் இரண்டு சீப்புகளைத் தட்டினேன். பழைய முன்னிசையோடு வாசித்தோம்: பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் என் மூன்றின் பக்கம் வந்தது. எல்லாம் ஒட்டியது. புதுசை வாசித்தோம்: பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் என் இரண்டின் பக்கம் வந்து நின்றது.

"நிறுத்து" என்றாள் சித்தி. "மறுபடி."

மறுபடியும் அதே. பாட்டும் பியானோவும் ஒரு பக்கம். கட்டையும் அதை நம்பி வாசிக்கும் பேஸும் மறு பக்கம். பாட்டு நழுவும் இடத்தில் நாங்கள் நேராக நடந்தோம், அது நேராக நடக்கும் இடத்தில் நழுவினோம்.

சித்தப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார்.

"மாஸ்டர் ஒரு சுத்தை வெட்டிட்டார். அதான்."

"ஒண்ணு மட்டுமா?"

"ஒண்ணு மட்டும்தான்."

"ஏம்மா, கிருதாவை வெட்டினா ரெண்டு பக்கமும் வெட்ட வேணாமா?"

நுரைக்குள்ளிருந்து பெரியவர், "எனக்கு ரெண்டு பக்கமும் வெட்டுப்பா" என்றார்.

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்போடேயே எழுந்து செருப்பை மாட்டினாள். கட்டை புரண்டால் ஒரே வரிக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்குப் பக்கமே இல்லை. அதனால்தான் மாஸ்டரின் இடது கை வாசித்தபோது யாரும் இடறவில்லை. தப்பு அங்கேயேதான் இருந்தது. அவர் வரி அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியது, அவ்வளவுதான். கிழிந்த சோபாமேல் துணி போட்டு மூடித் தருகிறவர்களைச் சித்திக்குப் பிடிக்காது.

டிரைவிங் ஸ்கூல் கார் மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி ஒரு பெண், பக்கத்தில் மாஸ்டர். சித்தி ஜன்னலில் குனிந்தாள்.

"மாஸ்டர், முன்னிசையில வெட்டின சுத்தைத் திரும்ப வைங்க. இல்லே, இன்னொண்ணையும் சேத்து வெட்டுங்க. ஒண்ணை மட்டும் வெட்டினதுல பாட்டு கட்டைக்குத் தலைகீழா நிக்குது."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. விரல்கள் தொடைமேல் தட்டிப் பார்த்தன. ஆனால் அவர் காலடியில் பிரேக் இருந்தது.

"டீச்சர் எல்லாத்தையும் கட்டி முடிச்சாச்சு. இனிமே எதுவும் மாறாது. நீ ஒரே வரி வாசிச்சா ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லே."

"எனக்குத் தெரியும். இவனுக்குத் தெரியும். ஆடறவங்க காலுக்குத் தெரியும்."

"கால் வந்து உங்கிட்ட சொல்லிச்சா?"

"ரொம்ப வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கு மாஸ்டர். நான் அதுங்க அடியிலதானே உக்காந்திருக்கேன்."

ஸ்டியரிங் பிடித்திருந்த பெண் சிரித்துவிட்டாள். மறுபடியும் சிரிப்பு. மாஸ்டர் முகம் இறுகியது.

"அப்போ ஞாயித்துக்கிழமை நீ மேல வரவேணாம். என் இடது கை போதும். பேஸை விழா முடிஞ்சதும் வந்து எடுத்துக்கறேன். பட்டதாரி, நீயாவது வருவியா, சித்தி பின்னால போயிடுவியா?"

நான் சித்தியைப் பார்த்தேன். "அவன் வருவான்" என்றாள் சித்தி. "நான் மேல வரலை. சரிதானே?"

"சரி" என்றார் மாஸ்டர். எதற்குச் "சரி" சொன்னோம் என்பதை அவர் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

வரும் வழியில் சித்தி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஹால்ல நீ நிக்கற இடத்துக்குப் பக்கத்துல ஆணி கழண்டு ஆடற பலகை ஒண்ணு இருக்கே, அது என் மேசைக்கு நேர் மேல வருது. அதுமேல நில்லு. கட்டைச் சத்தம் கீழ வராது. குதிகாலால தட்டு. பாட்டு முடியற வரைக்கும் நிறுத்தாதே. பாட்டு வரிசை எனக்குத் தெரியும், உன் தட்டை எண்ணிக்கறேன்."

"சித்தி, மாஸ்டர்..."

"அவர் மேல வராதேன்னுதான் சொன்னார்."

ஞாயிறு பிற்பகல் ஹால் நிரம்பியிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் பலகையில் நீளநீளமாக விழுந்திருந்தது. ஜோடிகளின் வீட்டார், குழந்தைகள், புதிதாகச் சேரலாமா என்று பார்க்க வந்தவர்கள். எனக்குத் தோல் ஷூ. அலுவலகத்துக்குப் போடுவது, குதிகால் கெட்டி. அந்த ஆடும் பலகையின் மேல் போய் நின்றேன். காங்கா என்ற உயரமான மேளத்தை வாசிக்கும் காங்காக்காரர், "என்னப்பா, இன்னிக்கு ஆணி அடிச்ச மாதிரி நிக்கறே?" என்றார்.

முதல் பாட்டு. மாஸ்டரின் இடது கை ஒரே வரியை வாசித்தது. நான் கையில் தட்டியதையே காலிலும் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, இடது கைக்கு அடியில் இன்னொரு இடது கை முளைத்ததுபோல இருந்தது. அதே வரி, அதே இடம், ஆனால் கனமாக. பியானோ சத்தம் அல்ல அது. முழங்கால் வழியாக ஏறியது. ஸ்பீக்கர் பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, வாயைக் கூரைக்குத் திருப்பியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. தன் இடது கையைத் தானே பார்த்துக்கொண்டார். அன்றைக்குத் தனக்கு நன்றாக வாசிக்க வருகிறது என்றுகூட நினைத்திருக்கலாம். அந்தப் பெருமை ஒரு பாட்டு நீடித்தது. இரண்டாவது பாட்டில் தரை நேராகப் படி ஏறியது, இரண்டின் பக்கத்தில், என் தட்டின்மேல். அவர் கை அதை வாசிக்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

டான்ஸ் டீச்சர் நடுவில் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எழுந்து எண்ணத் தொடங்கினார்: "ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சு, ஆறு, ஏழு..." கால்கள் வழுக்கின, ஊன்றின. மாஸ்டர் தன் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தார், நிறுத்து என்பதற்கு. கீழே இருந்து அதே இடத்தில் ஒரு சுரம் பதிலாக வந்தது. மறுபடி மிதித்தார். மறுபடி வந்தது. காங்காக்காரர் அதை ஏதோ ஒத்திகை பார்த்த அயிட்டம் என்று நினைத்துத் தானும் சேர்ந்துகொண்டார்.

பிறகு கப்பல் பாட்டு.

நாலு மூலையிலிருந்தும் ஜோடிகள் நடந்தார்கள். வெட்டுப்பட்ட முன்னிசை. மாஸ்டரின் தோள்கள் விறைத்திருந்தன. ஜோடிகள் நடுவே வந்து கைகோத்தார்கள், ஒரு கால் தரையை விட்டு எழுந்தது, பிளம்பர் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். என் குதிகால் இரண்டின் பக்கத்தை எடுத்தது. அந்த இடத்தில், வெட்டுப்பட்ட அந்தச் சுற்று, தரைக்கு அடியிலிருந்து தனியாக வந்தது. நாலு சுரம், நேராக, பெரிதாக, யாரோ கீழிருந்து படியேறி வருவதுபோல.

பிளம்பர் வாயை மூடிக்கொண்டார். தரைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பது அவர் தொழில். ஜோடிகள் எழுப்பிய காலை அந்தரத்தில் நிறுத்தினார்கள். மாஸ்டரின் இரண்டு கைகள் மட்டும் பழைய இடத்தில் தடாலென்று விழுந்தன, தனியாக. ஹாலே அவரைத் திரும்பிப் பார்த்தது. கைகளைச் சூடு பட்டதுபோலத் தூக்கினார்.

அந்தச் சுற்று முடிந்தது. என் மூன்றின் பக்கம் வந்தது. பிளம்பர் பாடினார், காங்கா விழுந்தது, கால்கள் விழுந்தன. எல்லாம் ஒரே பக்கத்தில். மாஸ்டரின் வலது கை உள்ளே வந்தது; எத்தனை கோபம் இருந்தாலும் அவர் வாசிக்கிறவர். இடது கை பியானோவுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. ஒரு பாட்டுக்கு இரண்டு பேஸ் கூடாது. அது இறங்கி மடியில் உட்கார்ந்துகொண்டது. பாட்டு முடிகிறவரை எழவில்லை. ஒரு முழங்காலும் இடிபடவில்லை.

கைதட்டல் ஓயும் முன் மாஸ்டர் படியிறங்கினார். நானும் ஓடினேன். சோபாக் கடையில், உரித்த சோபாவின் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஸ்பீக்கர் பெட்டி கூரையைப் பார்த்துக் கிடந்தது. சித்தியின் தலை, தோள், பேஸ் எல்லாம் தூசி. தட்டிவிட்டுக்கொள்ளக்கூட இல்லை.

மாஸ்டர் வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"மேல வா."

"எந்த வரிக்கு?"

"அந்தப் பாட்டுல எடுத்த சுத்தை வச்சிடறேன். மத்ததுல என் வரி."

"சுத்தை நான் வச்சாச்சு. மத்ததுல என் வரி. உங்க வரியும் அதுல வரும் மாஸ்டர், நல்ல வரிதான். வர்ற இடத்துல வரும்."

"நீ கட்டையைத் தாண்டினேன்னா?"

"தாண்டினா நானே இறங்கி வந்துடறேன். வழி தெரியும்."

மேலே கூட்டம் பொறுமையிழந்து தரையை மிதிக்க ஆரம்பித்திருந்தது. தூசி மூவர் தலையிலும் விழுந்தது. மாஸ்டர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். அங்கே நின்று அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"உனக்கெல்லாம் என் கார்ல ஜென்மத்துக்கும் லைசென்ஸ் கிடைக்காது" என்றார்.

"நான் நடந்துதான் வரேன். பெட்டியை நீங்க தூக்குங்க, கனமா இருக்கு."

அவர் தூக்கினார். நான் கை கொடுக்கப் போனேன், சித்தி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். பேஸை உறைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் ஏறினாள். உறை வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

பின்னால் பெட்டியோடு முக்கிக்கொண்டு ஏறிய மாஸ்டர், "ஏம்மா, அந்த ஜிப் இன்னுமா போடலை?" என்றார்.

"இன்னும் வரலை மாஸ்டர்" என்றாள் சித்தி, திரும்பிப் பார்க்காமல்.